புல் மேய்ந்த பொருள்

திருக்குறளின் 85-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் புல்லறிவாண்மை. அந்தச் சொல்லுக்குப் பல மேடைகளில் தப்பான பொருள் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். தப்பென்று தெரிந்த பிறகும் திருத்திக்கொள்ளவில்லை.

"புல்லைத் தின்கிற மாட்டுக்கு எவ்வளவு அறிவோ, அவ்வளவுதான் புல்லறிவு" என்பேன். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு வந்துவிட்டால் அப்புறம் உரையை யார் புரட்டுகிறார்கள்?

நூலக வாசகர் வட்டம் ஒன்றிலும் இதையே அவிழ்த்துவிட்டேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "ஐயா, நஞ்சை புஞ்சைங்கிறோம். நன்செய், புன்செய். புன்செய்னா புல்லு மொளைச்ச நெலமா? தரத்துல கொறைஞ்ச நெலம். புல்லறிவும் அப்படித்தானேங்க?" என்றார். கேட்டதுமே உறைத்தது. ஆனால் சுற்றிலும் இளவட்டங்கள் நின்றார்கள். "அப்படியும் கொள்ளலாம், இப்படியும் கொள்ளலாம்" என்று மழுப்பினேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பரிமேலழகர் உரையை எடுத்தேன். சிற்றறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவாளனாக மதிப்பதும், உயர்ந்தோர் சொல்லும் நல்லதைக் கொள்ளாததுமே புல்லறிவாண்மை என்கிறார். டீ டம்ளரும் கையுமாக நான் செய்தது அதையேதான்.

முந்தைய அதிகாரமான பேதைமை வேறு. கேட்டைக் கைக்கொண்டு ஆக்கத்தை நழுவவிடுவது அது. பேதைக்கு எதுவும் தெரியாது. புல்லறிவாளனுக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் காதை அடைக்கிறது. கல்லாததைக் கற்றதுபோல் காட்டிக்கொள்பவனுக்குப் பழுதறக் கற்றதிலும் பிறர் சந்தேகம் கொள்வார்கள் என்கிறது 845-ஆம் குறள். அன்று நான் சொன்ன மற்றதையெல்லாம் அந்தப் பெரியவர் எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொண்டிருப்பார்?

848-ஆம் குறளில் வருகிறவன் சொன்னாலும் கேட்கமாட்டான், தானாகவும் தெளியமாட்டான். நான் அன்றிரவே தெளிந்துவிட்டேன். அப்படியும் அடுத்த மேடையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். கைதட்டல் விழுகிற இடத்தை விட மனசு வரவில்லை. தெரியாமல் சொன்னவரைக்கும் அது புல்லறிவு. தெரிந்தபின் சொன்னதற்கு 85-ஆம் அதிகாரத்தில் இடமில்லை. அதற்குப் பெயர் பொய்.