பிரீ விசாவும் ஏ.பி.என். இலக்கமும்

கடந்த மாதம் ஒரே வாரத்தில் இரண்டு இளைஞர்களின் தொழிற் பத்திரங்களை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. ஒருவர், ஏறாவூரில் என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கைகள் தள்ளி வசிக்கும் என் ராத்தாவின் மகன். மற்றவர், கனடாவில் பிறந்து வளர்ந்து இப்போது அவுஸ்திரேலியாவில் திராட்சை பறித்துக்கொண்டிருக்கும் என் நண்பரின் மகன். முன்னவர் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவர், பின்னவர் பட்டதாரி. ஆனால் இருவரிடமும் சொல்லப்பட்ட வார்த்தை ஒன்றுதான்: "நீ யாருக்குக் கீழும் வேலை செய்யத் தேவையில்லை, உனக்கு நீயே முதலாளி."

முப்பது வருடங்களாகப் பத்திரிகைக்கு எழுதிவரும் எனக்கு அந்த வார்த்தை புதியதன்று. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அன்று அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தேன். மருமகன் ஒரு கடித உறையுடன் வந்தார்.

"மாமா, இதுல என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க."

சவூதி அரேபியாவுக்கான விசாவின் பிரதி அது. தொழில் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி என்றிருந்தது. அவரோ டைல்ஸ் பதிப்பவர். எங்கள் பகுதியில் அவர் கைபட்ட தரையென்றால் தனியாகத் தெரியும்.

"நீ செய்யிறது டைல்ஸ் வேலை. இதில வேற வேலையெல்லவா கிடக்கு?"

"அது பேருக்குத்தான் மாமா. இது பிரீ விசா. இறங்கின பிறகு விருப்பமான இடத்தில கொந்தராத்து எடுத்துச் செய்யலாமாம். கபீலுக்கு வருசத்துக்கு ஒரு தொகை கட்டினாச் சரியாம்."

'பிரீ' என்பதை இலவசம் என்று விளங்கிக்கொள்வோரும் உண்டு. அந்த விசாவின் விலை 9 இலட்சம் ரூபாய். அதில் 2 இலட்சத்தை உப முகவரிடம் முற்பணமாக ஏற்கெனவே கொடுத்திருந்தார். ராத்தாவின் காப்பும் சங்கிலியும் ஈட்டுக் கடைக்குப் போயிருந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மருமகனின் தங்கைக்குரிய வீடு லிண்டல் மட்டத்தில் இரண்டு வருடங்களாக நிற்கின்றது. வளைகுடாப் பயணத்துக்கான காரணத்தை எங்களூரில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாதியில் நிற்கும் வீடுகளை எண்ணினாற் போதும்.

வளைகுடா நாடுகளில் தொழில்புரிவதற்கு ஒரு கபீல், அதாவது பொறுப்பாளர் வேண்டும். அவர் பெயரிலேயே விசாவும், இக்காமா எனப்படும் வதிவிட அட்டையும் கிடைக்கின்றன. கபீல் தனக்குத் தேவையற்ற விசாக்களைப் பெற்றுத் தரகர் மூலம் விற்றுவிட்டு, வருபவனை வெளியே வேலைதேட விட்டுவிடுவதே பிரீ விசா. இவ்வாறு ஒரு விசா எந்த அரசாங்கத்தின் ஏட்டிலும் இல்லை. சவூதித் தொழிற்சட்டத்தின் 39 ஆம் பிரிவு, தன் பெயரிலுள்ள தொழிலாளியைப் பிறரிடமோ சொந்தக் கணக்கிலோ வேலைசெய்ய விடுவதைத் தடை செய்கின்றது. 2013 இல் இப்பிரிவு கடுமையாக்கப்பட்டு, தம் பத்திரங்களைச் சீர்செய்துகொள்ள நவம்பர் தொடக்கம் வரை அவகாசம் வழங்கப்பட்டது. அதன்பின் தெருக்களிலும் வேலைத் தளங்களிலும் சோதனைகள் நடைபெற்றன. பல நாட்டவரும் பல்லாயிரக்கணக்கில் திருப்பியனுப்பப்பட்டனர்.

அவ்வாறு திரும்பிய மேசன் ஒருவரை அப்போது சந்தித்தேன். அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. கட்டடக் கொந்தராத்துக்காரர் ஒருவர் அவருக்கு ஐந்து மாதச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை.

"முறைப்பாடு செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"எங்க போய்ச் சொல்லுறது காக்கா? முதலாளி ஆரெண்டு கேட்பாங்க. அட்டையில ஒராள், வேலை செஞ்சது இன்னொராளிட்ட. சொன்னா முதல்ல பிடிபடுறது நான்தானே."

பிரீ விசாவின் முழு இலக்கணமும் இதற்குள் அடங்கிவிடுகின்றது. சம்பளம் தராதவன் அவருக்கு முதலாளி அல்லன். கபீலோ அவர் ஓடிவிட்டதாக ஒரு முறைப்பாட்டைப் பதிந்தால், வதிவிட உரிமை பறிபோய்விடக்கூடும். அதற்கு அங்கே 'ஹுரூப்' என்று பெயர். 2021 மார்ச் முதல் சவூதியில் ஒரு வருடம் வேலைசெய்தவர் முதலாளியின் சம்மதமின்றியே வேறிடத்துக்கு மாற வழி செய்யப்பட்டுள்ளது. நல்ல மாற்றந்தான். எனினும் அது எழுதிய ஒப்பந்தம் உள்ளவருக்கே கைகொடுக்கும்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை டொரொன்டோவிலிருந்து நண்பரின் அழைப்பு வந்தது. அவர் செங்கலடியைச் சேர்ந்தவர். பேராதனையில் ஒரே விடுதியில் கலைப்பீட மாணவர்களாக இருந்தோம். 1990 ஆகஸ்டுக்குப் பின்னர் எங்கள் இரு ஊர்களும் ஒன்றையொன்று பார்க்க அஞ்சிய காலத்திலும் நாங்கள் கடிதத் தொடர்பை விடவில்லை. அவருடைய மகன் கனேடியக் கடவுச்சீட்டில், விடுமுறைக்கால வேலை விசாவில் அவுஸ்திரேலியாவின் மில்டூராவுக்குப் போயிருக்கின்றார். குறிப்பிட்ட சில நாடுகளின் இளைஞர்கள் ஊர்சுற்றிப் பார்த்துக்கொண்டே இடையிடையே உழைத்துச் செலவைச் சமாளிப்பதற்கான விசா அது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவுக்கு 2024 இல் இதையொத்த மற்றொரு விசா திறக்கப்பட்டது. வருடத்துக்கு 1,000 பேர், அதுவும் குலுக்கல் முறையில்.

"மச்சான், நீ வெளிநாட்டு வேலைபற்றி எழுதுறனீ. அவன்ர இடத்தில ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வரச் சொல்லுறாங்களாம். அவன் தங்கட தொழிலாளி இல்லையாம், சுயாதீனக் கொந்தராத்துக்காரனாம். இது சரியோ?" என்றார் நண்பர்.

ஏ.பி.என். என்பது அவுஸ்திரேலிய வணிக இலக்கம். சொந்தமாகத் தொழில் நடத்துபவருக்குரியது. இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். ஊழியருக்குத் தேவையானது வரிக்கோப்பு இலக்கம். விடுமுறைக்கால விசாவில் உள்ளவர் உண்மையாகவே சுயதொழில் செய்வாரானால் ஏ.பி.என். எடுப்பது குற்றமன்று. அப்படியானால் தோட்டக்காரர் ஏன் அதைக் கேட்கின்றார்? காரணம் கணக்கில் இருக்கின்றது. ஊழியரென்றால் குறைந்தபட்ச மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓய்வூதியச் சேமிப்புக்கு 12 வீதம் செலுத்த வேண்டும். விபத்துக் காப்புறுதி வேண்டும். பழம் பறிக்கும் ஊழியருக்குக் கூடைக் கணக்கில் கூலி கொடுத்தாலும் மணித்தியாலத்துக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற உத்தரவாதம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் ஊழியருக்கே. பெயரைக் கொந்தராத்துக்காரர் என்று மாற்றினால் அத்தனையும் மிச்சம்.

பெயரை மாற்றுவதால் உண்மை மாறிவிடாது என்று அங்குள்ள சட்டம் சொல்கின்றது. ஊழியரைக் கொந்தராத்துக்காரராகக் காட்டுவது 2009 ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி தண்டனைக்குரியது. 2024 ஆகஸ்டிலிருந்து, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை மாத்திரமன்றி வேலை உண்மையில் எவ்வாறு நடக்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அச்சட்டத்திலேயே சேர்த்துள்ளனர்.

எப்படிப் பிரித்தறிவது என்று நண்பர் கேட்டபோது எங்களூர் வழக்கத்தையே உதாரணமாகச் சொன்னேன். ஏறாவூரில் வீடு கட்டக் கொந்தராத்து எடுக்கும் மேசன், மட்டப்பலகையும் கரண்டியும் தானே கொண்டுவருவார். சதுர அடிக்கு இவ்வளவு என்று தானே விலை சொல்வார். கையாட்களைத் தானே தெரிவுசெய்வார். தனக்குச் சுகமில்லையென்றால் தம்பியை அனுப்புவார். இரண்டு வீடுகளில் ஒரே சமயத்தில் வேலை பார்ப்பார். கணக்குப் பிழைத்தால் நட்டம் அவருடையது, மிஞ்சினால் இலாபமும் அவருடையது. அவர் கொந்தராத்துக்காரர். விடிய ஆறு மணிக்கு வா, இந்த வரிசையில் பற, இன்ன நேரம் சாப்பிடு, கூடைக்கு இவ்வளவுதான் என்று தோட்டக்காரர் சொல்வாரானால், கையில் எந்த இலக்கம் இருந்தாலும் அந்தப் பிள்ளை கூலியாள்தான்.

இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு எப்படித் தெரியும் என்று நண்பர் வியந்தார். அதற்கான விடையை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகின்றேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபரானேன். பிரசுரமான செய்திக்கு மட்டும் பணம். நியமனக் கடிதம் இல்லை. வருடாவருடம் புதுப்பிக்கும் ஓர் அடையாள அட்டை மாத்திரம். 'சுதந்திரப் பத்திரிகையாளர்' என்று என்னை அழைப்பார்கள். அந்தச் சொல்லில் எனக்கு அளவற்ற பெருமை இருந்தது. ஒருநாள் செய்தி சேகரித்துவிட்டு மாரி மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. மூன்று வாரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். விழுந்த அன்றிரவும் செய்தியைத் தொலைபேசியில் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அது முன்பக்கத்தில் வந்தது. செலவுக்கு ஏதேனும் உதவ முடியுமா என்று அலுவலகத்துக்கு எழுதினேன். "தாங்கள் எமது ஊழியர் அல்லர் என்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகின்றோம்" என்று பதில் வந்தது.

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலேயே வந்துவிட்டது. தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த, ஆண்கள் 55 வயதில் அதனைப் பெற்றுக்கொள்கின்றனர். நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். முப்பது வருட எழுத்துக்கு என் பெயரில் அந்த நிதியில் ஒரு சதமும் இல்லை. யாரையும் குறைகூற இதனை எழுதவில்லை. சுதந்திரம் என்ற சொல் அழகாக இருந்ததால், விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

சுயமாக உழைப்பதே தவறு என்பது என் வாதமன்று. அதனைச் சட்டபூர்வமாக்கிப் பார்த்த நாடும் உண்டு. பஹ்ரெய்ன் 2017 இல் ஒரு நெகிழ்வு அனுமதிப்பத்திரத்தை அறிமுகப்படுத்தியது. வேலையிழந்து, பத்திரமின்றித் தவித்த வெளிநாட்டவர் கபீல் இன்றித் தம் பெயரிலேயே அதைப் பெற்று விரும்பியவரிடம் வேலைசெய்யலாம். அனுமதிக் கட்டணம், சுகாதாரக் கட்டணம் எல்லாம் தொழிலாளியின் தலையில். ஆயினும் பொலிஸைக் கண்டு ஒளிய வேண்டியதில்லை. 2022 ஒக்டோபரில் அத்திட்டம் கைவிடப்பட்டு வேறொரு பதிவு முறை கொண்டுவரப்பட்டது. ஓர் அறிவித்தலுடன் வந்த சுதந்திரம் இன்னோர் அறிவித்தலுடன் போய்விட்டது.

நண்பரின் மகனுக்குச் சொல்ல எனக்கு வழி இருந்தது. மணித்தியாலங்களைத் தினமும் குறித்து வை, செய்திகளை அழிக்காதே, வரிக்கோப்பு இலக்கத்தில் சம்பளச் சீட்டுடன் வேலை கேள், மறுத்தால் ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மனிடம் போ என்றேன். பெயர் குறிப்பிடாமலும் அங்கு தகவல் தரலாம். அவர் அந்தத் தோட்டத்தை விட்டு, பழம் பொதிசெய்யும் ஒரு கொட்டகையில் ஊழியராகச் சேர்ந்துவிட்டார். பழைய கூலிக்கும் முறைப்பாடு செய்துள்ளார். முறையிடப் போனால் குற்றவாளியாகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு இல்லை. இரு இளைஞர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மருமகனுடன் பிரதேச செயலகத்துக்குச் சென்றேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டதும் உப முகவரின் தொலைபேசி ஓய்ந்துவிட்டது. 2022 இல் நாடு நொடித்தபோது 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளியேறினர். இன்றும் அந்த அவசரத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் மாற்றுவது பெரிய காரியமன்று.

"போகாதே" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ராத்தாதான் கேட்டாள்: "அப்ப அந்த வீட்ட ஆரு முடிக்கிறது தம்பி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முற்பணம் திரும்பவில்லை. நகை இன்னும் ஈட்டிலேயே இருக்கின்றது. மருமகன் இப்போது ஓட்டமாவடியில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கின்றார். காலையில் என் வாசலைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைப்பதில்லை. அவர் கோபம் நியாயமானதென்றே நினைக்கின்றேன். போகவேண்டாம் என்று சொல்பவன் வேறு வழியையும் காட்ட வேண்டும்.

பதிவுபெற்ற முகவர் ஒருவர் மூலம், டைல்ஸ் பதிப்பவர் என்றே எழுதிய ஒப்பந்தத்துடன் ஏதேனும் கிடைக்குமா என்று விசாரித்துவருகின்றேன். சம்பளம் குறைவாகவே இருக்கும். மாரிக்கு முன் அந்தச் சுவர்களுக்கு மேல் தகரமாவது போட வேண்டும். அதற்கு என்னாலான பங்கைத் தருவதாக ராத்தாவிடம் சொல்லியிருக்கின்றேன்.

இதனை வாசிக்கும் உறவுகள் எந்த நாட்டிலிருந்தாலும், பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். "உனக்கு நீயே முதலாளி" என்று யாராவது சொன்னால், "நான் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கட்டும். அதற்கான பதிலை எழுத்தில் வாங்கட்டும்.