பாவு கொடுப்பவர் சொல்வதே கூலி

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கும் நாடு என்னும்போது அது பெரிய செய்திதான். ஆனால் அதே ஆண்டு மார்ச் 19 முதல், திருப்பூரைச் சுற்றியுள்ள பல்லடம், மங்கலம், அவிநாசி, தெக்கலூர் பகுதிகளிலும் அடுத்த மாவட்டத்துச் சோமனூரிலும் கூலிக்கு ஓடும் விசைத்தறிகள் ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றன. கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதமும் நடந்தது. அந்தச் செய்தி பெரும்பாலும் உள்ளூர்ப் பக்கங்களோடு முடிந்துவிட்டது. பனியன் கம்பெனியின் கஷ்டத்துக்கு ஒரு வெளிநாட்டு அதிபரின் கையெழுத்தைக் காரணமாகக் காட்ட முடிகிறது. தறிக்காரரின் கஷ்டத்துக்கு அப்படி ஒரு தேதியும் இல்லை, ஒரு பெயரும் இல்லை. ‘மார்க்கெட் மந்தம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பகுதியின் தறிக்குடோன்களுக்குள் நின்று பார்த்தும், அவர்களுடைய கூலி ஒப்பந்தங்களின் கதையைத் தொடர்ந்து படித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. மந்தம் உண்மைதான். ஆனால் அது எல்லார் தலையிலும் சமமாக இறங்குவதில்லை. பேரம் பேச முடியாதவர் ஒருவரைத் தேடி, அவர் தலையில்தான் போய் இறங்குகிறது.

வேலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். ஜவுளி உற்பத்தியாளர் எனப்படுபவர் மில்லிலிருந்து நூல் வாங்குகிறார். துணியின் நீளவாட்டில் போகும் பாவு நூல் சைசிங் மில்லில் கஞ்சி ஏறி, பீமில் சுற்றப்பட்டுத் தறிக்குடோனுக்கு வருகிறது. கூடவே குறுக்கே ஓடும் ஊடை நூலும் வருகிறது. கூலி விசைத்தறியாளர் அதை வெளுக்காத காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறார். நூலும் துணியும் அவருடையவை அல்ல. தறி, குடோன், மின் இணைப்பு, தறி ஓட்டுபவருக்குக் கொடுக்கும் வாரக்கூலி, தேய்ந்த உதிரிபாகம், வங்கிக் கடன் இவையெல்லாம் அவருடையவை. துணி விற்று லாபம் வந்தால் அதில் அவருக்குப் பங்கு கிடையாது. துணி விற்காமல் தேங்கினால் மட்டும் பாவு வருவது நின்று, நட்டம் அவர் வாசலுக்கு வந்துவிடுகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் இப்படிக் கூலிக்குத்தான் ஓடுகின்றன. ஆறு தறி, எட்டுத் தறி வைத்துக்கொண்டு, குடும்பத்தில் இருவர் இறங்கி வேலை செய்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையில் இருப்பவர்களே அதிகம். கிணறு வற்றிய தோட்டத்தின் ஓரத்தில் குடோன் கட்டித் தறி போட்டவர்கள் இவர்களில் பலர். பயிர் கைவிட்டாலும் தறி கைவிடாது என்ற நம்பிக்கையில் போட்ட முதல் அது.

சாதாரண நாடா தறியின் வேகம் நிமிடத்துக்கு 120 ஊடை அளவில் இருக்கும். அங்குலத்துக்கு 60 ஊடை கொண்ட துணி என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 2,360 ஊடை ஓட வேண்டும். தறி ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் ஒரு மீட்டர் துணிக்கு 20 நிமிடம் ஆகும். ஆனால் நிற்காமல் ஓடும் தறி எங்கும் இல்லை. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி, வேறு தார் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால், ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த இழையை விரலால் துழாவிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதில் கோர்த்து, அச்சுப் பல்லுக்குள் இழுத்துக் கட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் கோடு விழும். துணி மடிக்கும்போது அது ‘டேமேஜ்’ என்று தனியே போகும். கூலியில் பிடித்தம் ஆகும். ஒருவரே ஆறோ எட்டோ தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அந்த இரைச்சலில், எந்தத் தறியின் அடி மாறுகிறது என்பது மட்டும் அவருக்குக் கேட்கிறது. நாடாவை உதைக்கும் கட்டை தளர்ந்திருக்கிறதா, தோல் பட்டை இழுபட்டிருக்கிறதா என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். பல தறிகள் பழைய மில்களிலிருந்து இரண்டாம் கையாக வந்தவை. உடைந்த பாகத்துக்கு மாற்று இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் அதே அளவுக்கு ஒன்றைச் செய்து மாட்டி ஓட்டுகிறார்கள். இது கைத்தொழில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மோட்டார் ஓடுகிறது என்பதற்காக இதைத் தொழிற்சாலை உற்பத்தியாக மட்டும் பார்ப்பது, இதில் இருக்கும் திறமைக்கு விலையே வைக்காமல் விடுவதாகும்.

அந்தத் திறமைக்கு இந்தப் பத்தாண்டுகளில் என்ன விலை கிடைத்தது? மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கூலி உயர்வு ஒப்பந்தம் என்பது இங்குள்ள நடைமுறை. 2014-இல் ஓர் ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகு கூலி முறையாக உயரவில்லை என்பதுதான் தறிக்காரர்களின் தொடர்ந்த புகார். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் அது 19 சதவீதம், 15 சதவீதம் என்று குறைந்து முடிந்தது. அதுவும் முழுதாகக் கைக்கு வராமல் தேய்ந்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் 15 சதவீதம், 10 சதவீதம் என்று உடன்பாடு. அறிவிப்பு, மறுப்பு, வேலைநிறுத்தம், குறைத்து உடன்பாடு, பிறகு அதையும் கொடுக்காமல் விடுதல். இதே வரிசை திரும்பத் திரும்ப நடக்கிறது. இதே காலத்தில் 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது. உதிரிபாகங்களின் விலையும் தறி ஓட்டுபவரின் கூலியும் ஏறின. செலவு எல்லாம் ஏற, வரவு மட்டும் பைசா கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்பதால்தான் பல குடோன்களில் தறியைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் உற்பத்தியாளரை மட்டும் வில்லனாக்குவது நியாயமல்ல. அவருடைய நெருக்கடியும் நிஜமானது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பிறகு விலை சரிந்தபோது உயர்ந்த விலைக்கு நூல் வாங்கி நெய்து வைத்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். காடா துணியின் அடக்க விலையில் பெரும்பங்கு நூலுடையது. அந்த விலையை மில்கள் நிர்ணயிக்கின்றன. அவர் மறுத்துப் பேச முடியாது. துணியை வாங்கும் வடமாநில வியாபாரியிடமும் விலை சொல்லும் நிலையில் அவர் இல்லை. மகாராஷ்டிரத்தின் பீவண்டி, மாலேகான், இச்சல்கரஞ்சித் துணி அதே சந்தையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கும்போது அவர் கையில் மிஞ்சும் ஒரே திருகு, தறிக்காரரின் கூலி. அதைத் திருக அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழைய கூலிக்குச் சம்மதிப்பவருக்குப் பாவு கொடுத்தால் போதும். பாவு வராத தறிக்கும் கடன் தவணை ஓடுகிறது. சும்மா உட்காரவைத்தால் தறி ஓட்டுபவர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார். போனவர் திரும்பி வருவது அபூர்வம். ஆகவே ஒரு குடோன்காரர் சம்மதிக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் சம்மதிக்கிறார். சங்கம் போட்ட கையெழுத்து இப்படித்தான் ஒவ்வொரு முறையும் கரைகிறது. யாருடைய கெட்ட மனமும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் எந்த விளைவும் இல்லை என்ற ஒன்றே போதுமாக இருக்கிறது.

ஆகவே தறிக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ‘சட்டப் பாதுகாப்புடன் கூடிய கூலி’ என்பதுதான் இந்தப் பிரச்சினையின் மையம் என்று நினைக்கிறேன். எத்தனை சதவீதம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. சட்டத்தால் கட்டுப்படுத்தாத 23 சதவீதத்தைவிட, கட்டுப்படுத்தும் 10 சதவீதம் தறிக்காரருக்கு மேல்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, தறியே பழசு, நாடா இல்லாமல் நெய்யும் ரேப்பியரும் ஏர்ஜெட்டும் வந்த காலத்தில் நாடா தறியைக் காப்பாற்றி என்ன பயன் என்பது. ஏர்ஜெட் நாடா தறியைவிடப் பல மடங்கு வேகமானது, அதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் புதிய தறிக்குக் கடன் கேட்டுப் போகும் குடோன்காரரிடம் வங்கி முதலில் கேட்பது வருமானத்தை. அடுத்த மாதம் என்ன கூலி என்பதே நிச்சயமில்லாதவர் எதைக் காட்டிக் கடன் வாங்குவார்? மத்திய அரசு 1999-இல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தையும், 2017-இல் பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அந்த மானியம் வாங்கவும் சொந்தப் பங்கு போட வேண்டும். உறுதியான கூலி இருந்தால் தறி தானாகப் புதுசாகும். தவிர, ரேப்பியர் போட்டவரும் பாவுக்கு அதே உற்பத்தியாளரின் வாசலில்தான் நிற்க வேண்டும். தறி மாறுவதால் மட்டும் அந்த உறவு மாறிவிடாது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. இங்கே கூலியைச் சட்டத்தால் கட்டினால் ஆர்டர் மகாராஷ்டிரத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். கொஞ்சம் போகக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் கூலியைத் தாழ்த்தி வைத்தால் தொழில் நிலைக்கும் என்ற வாதத்தைப் பத்தாண்டுக்கும் மேலாக நடைமுறையில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2014-க்குப் பிறகு கூலி தாழ்ந்தே இருந்தது. தறிகளும் இரும்புக்குப் போயின. இந்தச் சோதனையின் முடிவைப் பார்த்த பிறகும் அதே மருந்தைத் தொடர்வது சரியல்ல. மேலும் போட்டியைச் சமாளிக்க அரசு ஏற்கெனவே செலவு செய்கிறது. விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது. நல்ல உதவி. ஆனால் கூலிக்குக் கீழ்வரம்பு இல்லாத இடத்தில் தறிக்காரரின் செலவு குறைந்தால், அவரிடம் அந்த அளவுக்குக் கூலியைக் குறைத்துக் கேட்பதும் சுலபமாகிறது. மக்கள் வரிப்பணம் தறிக்காரர் வழியாகச் சென்று துணியின் விலைக்குறைப்பாகப் போய்விடாமல் இருக்கவும் கூலிக்குச் சட்டம் வேண்டும்.

இரு வியாபாரிகளுக்கு நடுவில் அரசு எப்படி விலை வைக்க முடியும் என்பது மூன்றாவது. கரும்பு விஷயத்தில் வைக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தனியார் ஆலையானாலும் அரசு அறிவித்த விலையை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நிலுவைகள் அங்கும் உண்டு. ஆனாலும் கரும்பு விவசாயி நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள் வைத்திருக்கிறார். வெட்டிய கரும்பைப் போலவே தறிக்காரரின் உழைப்பையும் நாளைக்கு என்று சேர்த்து வைக்க முடியாது. இன்று ஓடாத தறியின் கூலி என்றைக்கும் வராது. சிறுதொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே 45 நாள் கெடு வைத்திருக்கிறது. தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி உண்டு. அந்தச் சட்டம் எப்போது கொடுக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு என்பதைத் தொடவில்லை.

அந்தச் சட்டத்தையே எத்தனை தறிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று திருப்பிக் கேட்கலாம். சரியான கேள்வி. பாவு கொடுப்பவர் மேல் மனுப் போட்டால் மறுநாள் பாவு வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் புதிய ஏற்பாடு தறிக்காரரின் புகாரை நம்பி இருக்கக் கூடாது என்கிறேன். வழி ஏற்கெனவே இருக்கிறது. பதிவு பெற்ற உற்பத்தியாளர் கூலி வேலைக்கு நூல் அனுப்பும்போது ஜிஎஸ்டி விதிப்படி டெலிவரி சலான் போட வேண்டும். எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். எந்த ரகம், எத்தனை மீட்டர், என்ன கூலி என்பதையும் அதே சலானில் எழுதவைத்து, கூலியை வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தவைத்தால், தறிக்காரர் வாயைத் திறக்காமலே அதிகாரி சரிபார்க்க முடியும். ஒழுங்காகக் கூலி கொடுக்கும் உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள். குறைத்துக் கொடுப்பவரோடு போட்டி போட முடியாமல் திணறும் அவர்களுக்கும் இது பாதுகாப்பு.

மூன்றாண்டு வழக்கப்படி பார்த்தால் அடுத்த கூலிப் பேச்சு 2028-இல் வர வேண்டும். மறுபடி அமைச்சர் முன்னிலையில் ஒரு சதவீதத்தை அறிவித்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், கூலி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் சட்டமுன்வடிவைத் தமிழக அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பல்லடம், அவிநாசி, சூலூர் தொகுதிகளின் உறுப்பினர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்று இது. தேர்தலில் இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தறிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.