தரை தட்டினால்தான் வீடு

திண்டிவனத்துக்காரனான எனக்குத் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர்தான். கடலைப் பார்க்க மரக்காணத்துக்கு பஸ் ஏற வேண்டும். அதற்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நண்பனின் அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் விடியற்காலையில் அவரோடு கிளம்பினேன். போகும்போது பயம் தெரியவில்லை. திரும்பும்போதுதான் வயிறு கலங்கியது. கப்பல்காரர்கள் தரை தட்டிவிடுமோ என்று அஞ்சுவார்கள். இந்தக் கரையில் தரை தட்டினால்தான் வீடு. படகைக் கட்ட ஒரு முளைகூட அங்கே கிடையாது. மணல்தான் துறை.

அலை உடையும் இடத்துக்கு வெளியே என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். கரையில் நிற்பவர்களின் முகம்கூடத் தெரிந்தது.

"போயிடலாமே மாமா?"

"இரு தம்பி, பெருசுங்க போவட்டும்."

பெரிய அலைகள் நாலைந்தாகச் சேர்ந்து வரும். அவை போனதும் கடல் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருப்பு. ஓர் அலை எங்களைக் கடந்ததும் அதன் முதுகை ஒட்டியே படகை விட்டார். அலையை முந்தினால் படகு மூக்கு குத்தும். பிந்தினால் அடுத்த அலை பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே நிற்கும் படகைக் கவிழ்க்க இன்னோர் அலை போதும். ஆழம் குறைந்ததும் என்ஜினின் நீளத் தண்டைத் தூக்கிக்கொண்டார். தூக்காவிட்டால் முனையில் சுற்றும் விசிறி மண்ணில் அடிபட்டு உடையும்.

படகு லேசாகத் திரும்பியபோது, உதவுகிற நினைப்பில் கரைப் பக்கம் குதித்தேன். "அந்தாண்ட நிக்காத!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்பவன் மேல் அலை முழுப் படகையும் தள்ளும். புதியவர்கள் காலை முறித்துக்கொள்வது இப்படித்தானாம்.

மணலில் படகை ஏற்றும் இந்த வித்தை பழையது. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட, ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள்தான் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த அவற்றின் பலகை, மணலில் மோதும்போது வளைந்து கொடுக்கும். துரைமார்களும் தொப்பலாக நனைந்துதான் இறங்கினார்கள்.

எந்தப் படகானாலும் மணல் வேண்டுமே. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. வடக்கே கரை கரையத் தொடங்கியது. அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக்குள் ஏறி வந்தது. வீட்டைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். வீடு தப்பலாம், ஆனால் கல்லின் மேல் எந்த மாமாவாலும் படகை ஏற்ற முடியாது. என்னைக் கேட்டால், ஒரு துறைமுகத்தைக் கட்டிப் பல துறைகளை மூடிவிட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பொம்மையார்பாளையத்தில் ஒருமுறை இறங்குங்கள். ஒரு படகு ஏற எவ்வளவு மணல் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.