வாப்பாவின் மோதிரமும் அப்பச்சோடாவும்



போன கிழமை ஒரு மாணவியின் உம்மா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக் கேட்டா: "டீச்சர், மகள்ட கொலுசு கறுத்துப் போச்சு. கள்ள வெள்ளியைத் தந்து ஏமாத்திட்டாங்களா? வந்த விலைக்கு வித்துரவா?"

விற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

வெள்ளி கறுப்பது கள்ளத்தின் அடையாளம் இல்லை. 925 என்று முத்திரை இருந்தால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மென்மை, வளைந்து போகும். அதனால்தான் செம்பு சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் மேலே கருப்புப் படலம் பிடிக்கும். கடல் வற்றும் நேரம் சேற்றிலிருந்து அழுகின முட்டை மணம் வருமே, அந்த வாயுதான். ஈரக்காற்றும் சேர்ந்தால் கறுப்பு இன்னும் வேகமாக ஏறும். நம் உப்புக்குளத்தில் வெள்ளி கறுக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இதெல்லாம் கல்வியியற் கல்லூரியில் படித்தேன். படித்தும் ஒரு பிழை செய்தேன்.

1990 ஒக்டோபரில் நம் சனம் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவும் உம்மாவும் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனார்கள். உம்மாவின் தங்கம் ஒன்றும் கூட வரவில்லை. வாப்பாவின் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் மட்டும் வந்தது. அவருடைய வாப்பா போட்டது. உட்பக்கம் 'மீம்' என்ற அறபு எழுத்து வெட்டியிருக்கும். நான் புத்தளத்து முகாமில் பிறந்தவள். ஊர் என்றால் எனக்கு முதலில் அந்த எழுத்துத்தான்.

ஊர் திரும்பிய பிறகு, வாப்பாவைச் சந்தோசப்படுத்த வெள்ளிக்கிழமை தோறும் அந்த மோதிரத்தைப் பற்பசை போட்டுப் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பற்பசையில் உள்ள நுண்ணிய தூள் கறுப்போடு வெள்ளியையும் சுரண்டும் என்று யோசிக்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்து மங்கிப் போனது. ஒரு நாள் வாப்பா மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "நல்லா மினுங்குது மகள்" என்று மட்டும் சொன்னார்.

அதனால் சொல்கிறேன், தேய்க்காதீர்கள். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து நகையை அதில் முட்டும்படி வையுங்கள். ஒரு கோப்பை கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா என்று கலந்து ஊற்றுங்கள். சில நிமிடம் போதும். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி அங்கேயே நிற்கும். கொஞ்சம் முட்டை மணம் வரும், பயப்படாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள்.

முத்து, கல், பசை போட்டு ஒட்டியது, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாடு ஆகியவற்றை இதில் போடக் கூடாது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த பரம்பரைக்கு இது தெரிய வேண்டும்: புளி, தேசிக்காய், வினாகிரி பட்டால் முத்து அரிபடும். அதற்கு மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

குளோரின் கலந்த திரவத்தால் கக்கூஸ் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். எடுத்து வைக்கும்போது நன்றாகக் காயவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் ஒரு துண்டு வெண்கட்டியோடு போடுங்கள். வெண்கட்டி ஈரத்தை இழுக்கும். இறப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. எல்லாவற்றிலும் நல்லது, அடிக்கடி போடுவது.

வாப்பா மவுத்தாகி இப்போது மோதிரம் தம்பியின் விரலில். சரியான கோணத்தில் பிடித்தால் 'மீம்' இன்னும் கொஞ்சம் தெரியும். இனி அதைத் தேய்க்க நான் யாரையும் விடமாட்டேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கறுத்த வெள்ளி இருக்கும். கழுவ முன்னம் அது யாருடையது என்று வீட்டில் மூத்தவர்களிடம் ஒருக்கா கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.