பல் கட்டப் போன பயணமும் காப்புறுதிப் பத்திரமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்த வேளையில், எமது அயலவரான சம்மாட்டியார் விறாந்தையில் வந்து அமர்ந்தார். இளமையில் எம்மிடம் எழுத்துப் படித்தவர்; இன்று வலையும் வள்ளமும் சொந்தமாக உடையவர். கையில் ஒரு வர்ணக் கடதாசி இருந்தது. வெற்றிலைக்குப் பற்களைப் பறிகொடுத்த வாயை மெல்லத் திறந்து, அவர் சொன்னது இது:

"ஐயா, சென்னைக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வரலாமென்று இருக்கிறேன். பிரயாணச் சீட்டோடு காப்புறுதியும் சேர்த்துத் தருகிறார்களாம். ஏதும் பிசகு நேர்ந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? பிறகென்ன பயம்?"

நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். ஏனெனில், இதே கேள்வியை நாமும் ஒரு காலத்தில் கேட்டோம். அதற்குக் கிடைத்த விடைக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. அவருக்குச் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்லிவைப்பது நலமெனத் தோன்றுகிறது.

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. கோயிற் கேணிப் படியில் வழுக்கி விழுந்து மேல்வாய் முன்பற்கள் இரண்டை இழந்த அன்றுதான், அதன் முழுப் பொருளும் எமக்கு விளங்கியது. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லைத் தொடுவதாற் பிறக்கும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் நாம். தொடுவதற்குப் பல் இல்லாதபோது அவ்விரண்டு எழுத்துக்களும் காற்றாகப் போயின. பேரப்பிள்ளை சிரித்தது, நாமும் சிரித்தோம், ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் பல் பிடுங்குவதற்கும் அடைப்பதற்கும் கட்டணமில்லை. கொழும்பிலே தேசியப் பல் வைத்தியசாலை இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பல் வைத்திய பீடம் இருக்கிறது. எனினும் செயற்கைப் பல்லைத் தாடையெலும்பிலேயே ஊன்றிவைக்கும் இம்பிளாண்ட் என்னும் முறையை நாடுவோர் பலர் தனியார் வைத்தியர்களிடமே செல்கின்றனர். செலவைக் கேட்டதும் அவர்களிற் சிலரது கண் அக்கரையை நோக்குகிறது. இது புதுமையுமன்று. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்திலும், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, எம்மவர் வைத்தியத்துக்கும் யாத்திரைக்கும் அவ்வழியே சென்றனர். இன்று கட்டுநாயக்காவில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்திற் சென்னை. அங்கே எமது மொழி உண்டு, உறவினர் உண்டு, திரும்பும் வழியில் திருச்செந்தூரோ, வேளாங்கண்ணியோ, நாகூரோ தரிசித்து வரும் புண்ணியமும் உண்டு.

உலகெங்கும் இவ்வாறே நடக்கிறது. அமெரிக்கர் பலர் எல்லை கடந்து மெக்சிக்கோவிலுள்ள லொஸ் அல்கொதோனெஸ் என்னும் சிற்றூருக்குச் செல்கின்றனர்; பல் வைத்தியர் மிகுதியால் அவ்வூருக்குக் கடைவாய்ப்பல் நகரம் என்றே பட்டப்பெயர் வழங்குகிறது. ஆஸ்திரியர் ஹங்கேரிக்குச் செல்கின்றனர். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்து மக்களுக்கு 2011ஆம் ஆண்டிற் பிறந்த ஓர் ஏற்பாடு துணை நிற்கிறது: ஒன்றியத்தின் வேறொரு நாட்டிற் பெறும் சிகிச்சைக்கு, சொந்த நாட்டு விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு, சொந்த நாட்டிலிருந்தே பணத்தை மீளப் பெறலாம். மன்னார் வளைகுடாவுக்கு இக்கரையில் வாழும் எமக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. எம் பாதுகாப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

நாம் தேடிக்கொண்ட பாதுகாப்பின் கதை இனி வருகிறது.

2022 பெப்ரவரி மாதம் புறப்பட்டோம். பயணத்தை ஏற்பாடு செய்த இளைஞர் காப்புறுதிப் படிவத்தை நீட்டினார். "பயணத்தின் நோக்கம்" என்றொரு கட்டம். பேனாவை எடுத்தபோது அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, வைத்தியம் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். யாத்திரை என்று எழுதிவிடுங்கள்." எத்தனையோ பிள்ளைகளை உண்மை பேசும்படி கண்டித்த கையால், நாம் யாத்திரை என்று எழுதினோம். திரும்பும் வழியிற் கோயிலுக்குச் செல்லத்தானே போகிறோம் என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

சிகிச்சை தொடங்கிற்று. டைட்டேனியம் என்னும் உலோகம் எலும்புடன் ஒன்றிப் பிணையும் தன்மையை 1952ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரனெமார்க் கண்டறிந்தார். 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அவ்வாறு பற்களைப் பொருத்தினார். அந்த முறையில், முதலில் உலோக வேரை எலும்பிற் பதிப்பார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்வதற்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை செல்லலாம். பின்னரே மேலே பல் பொருத்துவார்கள். ஆகவே பெரும்பாலும் இது ஒரு பயணமன்று, இரு பயணம். இதை முதலில் எண்ணாதவர் கணக்கிலும் தவறுவார்.

நான்காம் நாள் எமது முகம் வீங்கிற்று. வைத்தியர் அக்கறையோடு கவனித்தார். ஐந்து நாள் மேலதிகமாகத் தங்க நேர்ந்தது. விடுதிச் செலவு, மருந்துச் செலவு, பயணத் தேதியை மாற்றிய கட்டணம் எல்லாம் சேர்ந்தன. பயப்படாதீர்கள், காப்புறுதி இருக்கிறதே என்று இல்லாளுக்குத் தைரியம் சொன்னோம். ஊர் திரும்பியதும் பற்றுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டு காப்புறுதி அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த பெண்பிள்ளை மிக மரியாதையாகவே பேசினார்.

"ஐயா, படிவத்தில் யாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றுச்சீட்டுகளோ பல் வைத்தியருடையவை. சிகிச்சைக்காகவே செய்யும் பயணத்தை இந்தப் பத்திரம் ஏற்காது. பன்னிரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்."

பன்னிரண்டாம் பக்கத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தோம். தெளிவாகவே எழுதியிருந்தது. எம்மால் எவரையும் குறைசொல்ல இயலவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் முன் தலைகுனிந்து நின்றபோது, பணம் போனதைவிட யாத்திரை என்று எழுதிய அந்த ஒரு சொல்லே எம்மைச் சுட்டது.

காப்புறுதி என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு, சுமத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையின் காப்புறுதி பற்றிய வழக்கிலே இதை வகுத்துரைத்தார். ஆபத்தின் தன்மையை அறிந்தவர் காப்புறுதி செய்பவரே; ஆகையால் அவர் அதை மறைக்கலாகாது; மறைத்தால் ஒப்பந்தம் நிலைக்காது என்பது அதன் கருத்து. அவ்வழக்கில் வென்றவர் கோட்டையைக் காப்புறுதி செய்தவரே எனினும், அன்று சொல்லப்பட்ட விதி பல நாட்டுக் காப்புறுதிச் சட்டங்களுக்கு அடித்தளமாயிற்று. கற்பிட்டிக் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சென்ற போதெல்லாம் ஒல்லாந்தரின் கதையைச் சொன்னோம். அந்தச் சுமத்திராக் கோட்டையின் கதையை அறிந்திருந்தால் எமக்கல்லவோ நன்மை விளைந்திருக்கும்!

சம்மாட்டியார் குறுக்கிட்டார்: "அப்படியானால் அந்தப் பத்திரம் ஒன்றுக்கும் உதவாதா, ஐயா?"

உதவும், தம்பி, எதற்கு உதவும் என்று அறிந்தவருக்கு உதவும். சாதாரணப் பயணக் காப்புறுதி, வழியிலே நேரும் விபத்து, எதிர்பாராத நோய், பெட்டி தொலைதல் போன்றவற்றுக்கானது. பல்லைப் பொறுத்தவரை, திடீரென எழும் வலியைத் தணிக்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும், அதுவும் ஒரு சிறிய வரம்புக்குள், பணம் தருவதே பெரும்பாலான பத்திரங்களின் வழக்கம். ஏற்கெனவே இருந்த நோயையும், திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையையும், அதனால் வரும் பின்விளைவையும் அவை விலக்கிவிடும். ஊர் திரும்பியதும் பத்திரத்தின் ஆயுளும் முடிந்துவிடும். சில நாடுகளில் சிகிச்சைப் பயணத்தின் பின்விளைவுகளுக்கென்றே தனிப் பத்திரங்கள் விற்கப்படுகின்றன. அத்தகையது கிடைக்குமா என்று கேட்டறிதல் வேண்டும். விடையை எழுத்திற் பெறுதல் வேண்டும். நியாயமான கோரிக்கையை மறுத்தால், எமது நாட்டிலே காப்புறுதி ஒம்புட்ஸ்மனும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உண்டு. ஆனால் பொய்யை எழுதிக் கொடுத்தவர் எந்த வாசலிற் போய் நிற்பது?

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டாம் பயணத்துக்கு 60,000 இந்திய ரூபா எஞ்சியிருந்தது. முதற் பயணத்தின்போது ஓர் இந்திய ரூபாவுக்கு எமது பணத்திற் சுமார் 2 ரூபா 70 சதம். ஆகவே 1,62,000 ரூபா போதுமென்று ஒதுக்கிவைத்தோம். மார்ச்சு மாதத்தில் இலங்கை ரூபா சரியத் தொடங்கிற்று. 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. யூலை இறுதியில் நாம் மீண்டும் புறப்பட்டபோது, ஓர் இந்திய ரூபா ஏறக்குறைய நாலரை ரூபா. அதே 60,000 இப்போது 2,70,000 ஆயிற்று! இந்த நட்டத்தை எமது பத்திரத்தில் எந்தப் பக்கமும் ஏற்கவில்லை. பாதியில் விட்டால் பதித்த வேர் வீணாகும். இல்லாள் ஒன்றும் பேசாது கைவளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவை வங்கிக்கு அடகு போயின. மீட்பதற்கு ஓராண்டுக்கு மேற் சென்றது. அந்த ஓராண்டும் கோயிலுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததை நாம் மறக்கவில்லை.

எம்மினும் இடருற்றோர் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது; கட்டுநாயக்காவும் வருவோருக்கு மூடப்பட்டது; 2021 ஜனவரியிலேதான் உல்லாசப் பிரயாணிகளுக்கு மீண்டும் திறந்தது. அப்போது முதற் கட்டம் முடித்து வந்திருந்தவர்கள் அரைகுறைப் பல்லோடு காத்திருந்தார்கள்.

ஆகையால் தம்பியிடம் நாம் கூறிய அறிவுரை இதுவே. முதலில் உள்ளூரிலேயே ஒரு பல் வைத்தியரிடம் காட்டி, உண்மையில் எது தேவை என்று அறிந்துகொள்க. விசாவிலும் காப்புறுதிப் படிவத்திலும் உண்மையான நோக்கத்தையே எழுதுக. இந்தியா மருத்துவத்துக்கெனத் தனி விசாவே வைத்திருக்கிறது. செல்லுமிடத்து வைத்தியர் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளவரா என்று பார்க்க. பத்து வருட உத்தரவாதம் என்று சொன்னால், அதை எழுத்திற் கேட்க. பல்லை மீண்டும் செய்து தருவதற்கே அது பொதுவாக உதவும், விமானச் செலவும் விடுதிச் செலவும் அதில் அடங்கா. பதித்த இம்பிளாண்டின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் ஆகியவை எழுதிய அட்டையையும் எக்ஸ்ரேப் பிரதிகளையும் வாங்கி வருக. பின்னர் இங்கே ஒருவர் திருத்த நேர்ந்தால் அவையே வழிகாட்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று 1995ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததாயினும், உடப்பிலிருந்து வழக்காடுவது எளிதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு பயணத்தின் முழுச் செலவையும் கணக்கிட்டு, அதன்மேல் அரைப்பங்கை ஒதுக்கிவைத்த பின்னரே புறப்படுக. எந்தப் பத்திரமும் தராத காப்புறுதி அது.

சம்மாட்டியார் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே மணலில் வலையை விரித்து, பெண்களும் ஆண்களுமாக மடியிற் கிழிந்த கண்களைத் தேடிக்கொண்டிருந்தனர். அதைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"ஐயா, வலை என்றால் கிழியத்தான் செய்யும். எங்கே கிழிந்திருக்கிறதென்று பாராமற் கடலில் விட்டால் அது எங்கள் பிழைதானே? நாளைக்கே அரசாங்க வைத்தியரிடம் பல்லைக் காட்டுகிறேன். பிறகு அந்தப் பத்திரத்தைக் கொண்டுவருகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தை நீங்களே வாசித்துச் சொல்லவேண்டும்."

வாசிப்போம் என்றோம். தகரமும் நகரமும் இப்போது பிசகின்றி ஒலிக்கின்றன. அவற்றைக் கொண்டு இனி யாத்திரை என்று உரைக்கும்போது, அது யாத்திரையாகவே இருக்கும்.