திருச்சியிலிருந்து பலாலிக்கு

செவ்வாய், இரவு

நாளை யாழ்ப்பாணம். பெட்டி கட்டி முடித்ததும் வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். சென்னைக்கோ 290ஐ ஒட்டி வருகிறது. திருச்சிக்காரனுக்குத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டர் கிட்டே இருக்கிறது!

பயணச்சீட்டில் போட்டிருப்பது சுமார் ஒரு மணி நேரம். இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் 2006 முதல் ஒன்றாகவே ஓடுவதால், புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம். சென்னைக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான். தூரம் குறைந்தும் நேரம் ஏன் குறையவில்லை? அட்டவணை நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. இங்கே சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும் கணக்கு. நாளை நான் ஏறும் ஏடிஆர் 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகக்கூடியது, அந்த வேகத்திலேயே போனால் 22 நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, காற்றுக்கு எதிர்முகமாக இறங்க வளைந்து வருவது எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் உண்டு. கிட்டத்து ஊர்ப் பயணத்தில் நேரத்தைத் தின்பவை இவைதான்.

புதன், மாலை

ஏடிஆருக்கு இறக்கை மேலே. அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்குச் சக்கரமே தெரிகிறது. தரையை விட்டதும் அது மெல்ல மடிந்து விமானத்தின் வயிற்றோரம் ஒடுங்கியதைப் பார்த்தேன். காவிரிப் படுகை வயல்கள் போய், பாதி வழியில், அதிராம்பட்டினம் பக்கமாகக் கரை முடிந்தது. பிறகு பாக் நீரிணை. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கியதுபோல் இருந்தது. பலாலியைச் சுற்றிய வலிகாமத்துச் செம்மண்ணும் பனையும் கண்ணுக்குப் பட்டபோது மனம் துள்ளியது.

பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். "முந்தி எண்டால் கொழும்புக்குப் போய்த்தான் ஏறவேணும் தம்பி. இரவு முழுக்க பஸ்" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலை வழியே 400 கி.மீ. அளவில் வரும். எதிரே இருக்கும் கரைக்கு வர முதுகு காட்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

புதன், இரவு

இந்த ஊருக்கு வான்வழி புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து சென்னைக்கு விட்டபோதே யாழ்ப்பாணத்தில் இறக்கித்தான் கொண்டுபோனது. பிறகு போர் வந்தது. 1990இல் பலாலி இருக்கும் வலிகாமம் வடக்கே காலியானது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபரில். அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020இல் பெருந்தொற்று அதை நிறுத்தியது, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. திருச்சி வழி 2025 மார்ச் 30இல்தான் தொடங்கியது.

ஒருமுறை நின்றுபோனால் மீண்டும் வர எத்தனை காலமாகிறது என்று பார்த்துவிட்டோம். தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைக்காரர்களே, யாழ்ப்பாணம் போவதென்றால் சென்னையையும் கொழும்பையும் சுற்றுமுன் திருச்சியில் விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலேயே ஏறுங்கள். ஆள் ஏறினால்தான் இந்த வழி நிலைக்கும்.