கடனும் காலமும்

நீலகிரி மலைச்சரிவில் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவனுக்கு விதை, எரு, கூலி ஆகிய அனைத்திற்கும் முதலிலேயே பணம் வேண்டும். கிழங்கு விலையாவதோ சில திங்கள் கழித்தே. இவ்விடைக்காலத்தைக் கடப்பதற்கு அவன் கடனை நாடுகின்றான். முற்காலத்தில் உழவர் பலர் அக்கடனை மண்டி வணிகரிடம் பெற்றனர். முன்பணம் தந்தவரிடமே விளைவையும் ஒப்புவிக்க நேர்ந்தது. ஆதலின், உழைத்தவனுக்கு விலை பேசும் உரிமை இல்லாது போயிற்று.

உழவர்க்கு ஏற்ற வங்கி எது என ஆராயும் பணியைச் சென்னை மாகாண அரசு 1892-இல் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியிடம் ஒப்படைத்தது. செருமானிய நாட்டுச் சிற்றூர்களில் ரைபைசன் என்பார் தோற்றுவித்த கடன் சங்கங்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஓரூரில் வாழ்வோர் ஒருவரையொருவர் நன்கறிவர். உழைப்பாளி யார், சொல் தவறாதவர் யார் என்னும் அவ்வறிவே அங்குக் கடனுக்குப் பிணையாயிற்று. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. நிக்கல்சன் தம் பிற்காலத்தைக் குன்னூரில் கழித்தார். அந்த நீலகிரியிலேயே 1935-இல் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றி, உழவரின் விளைவைத் திரட்டி விற்கலாயிற்று.

எனினும், எல்லாப் பயிர்க்கும் ஒரே வகைக் கடன் பொருந்தாது. கிழங்கு சில திங்களில் முதிரும். தேயிலைச் செடியோ நட்டபின் கொழுந்து தர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். ஓராண்டில் திருப்பவேண்டிய கடனைப் பெற்றுத் தேயிலை நடுவோன், கொழுந்து கிள்ளுமுன்பே தவணைக்கு அஞ்சி நிலத்தை விற்க நேரிடும். ஆதலின், குறுகிய காலப் பயிர்க்குக் குறுகிய காலக் கடனும், நெடுநாட் பயிர்க்கு நெடுநாட் கடனும் பெறுதலே முறையாகும்.

கொழுந்தைப் பக்குவப்படுத்த ஆலையும் வேண்டும். தனியொரு சிறு விவசாயி அதனை நிறுவ இயலாது. பலரும் பங்குப் பணம் சேர்த்ததனால், 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1998-இல் வந்த உழவர் கடன் அட்டை மற்றொரு வசதியை அளித்தது. நிலத்தையும் பயிரையும் நோக்கி வங்கி ஒரு வரம்பினை வகுக்கும். அதனுள் வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்தால், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி.

ஆயினும், மார்கழி உறைபனி ஓரிரவில் கொழுந்தைக் கருக்கிவிடக்கூடும். அன்று கைகொடுப்பது நல்ல நாளில் சேமித்த சிறு தொகையே. கடன் பயிர்க்கு நீர் போன்றது. அளவும் காலமும் அறிந்து பாய்ச்சினால் வளர்க்கும், மிகுந்தால் வேரை அழுகச் செய்யும். சேமிப்போ வேரடி ஈரம். வறட்சியிலும் உயிர் காக்கும்.